நோன்பில்லாத நாக்கு

என் வாயைப் பற்றி ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கங்காணி ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். என் புருஷன் கந்தப்பன் பேசுவதையே விட்டுவிட்டார் என்று லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். அவர் பேசக்கூடியவர்தான், நான் இடம் கொடுத்தால். அப்படிப்பட்ட அங்கம்மாவாகிய நான், தொண்ணூற்றொன்பதாம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, பதுளை பஸ்ஸில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு தகர டின். அதற்குள் என் மகள் சுபாஜினி வீட்டில் சுட்ட இருபத்துநான்கு தோடம்பழ பிஸ்கட். அத்தனையையும் நான் கெடுத்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது தெரியாது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

சுபாஜினி ஓ/எல் பரீட்சை எழுதினாள், கணக்கில் போய்விட்டது. வீட்டில் ஒரு வருஷம் இருந்தாள். பதினெட்டு முடிந்த அன்றைக்கே கந்தப்பன் கணக்கப்பிள்ளை பொன்னையாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், திங்கட்கிழமை அவள் பேரைத் தோட்டத்தில் பதிந்துவிடலாமென்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் கூடை சுமந்தது பத்தாதா? எனக்கும் பதினாறு வயசுல 'கல்யாணம் வரைக்கும்'னு சொல்லித்தான் பேரப் பதிஞ்சாங்க. இருபத்தாறு வருஷம் ஆச்சு, இன்னும் அந்தப் பேரு அங்கனதான் இருக்கு!"

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற? வீட்ல சும்மா ஒக்காந்தா ஆச்சா?" என்றார் அவர்.

அதற்குப் பதில் பதுளையிலிருந்து வந்தது. சுபாஜினியோடு பள்ளிக்கூடத்தில் படித்த றமீலாவின் பாட்டி நூருல் இனாயா, தன் வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் சுட்டுக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுக்கிறவர். பதுளையில் அவர் கைப்பக்குவத்துக்கு நல்ல பேர். படிக்கிற காலத்திலேயே என் மகள் அந்த வீட்டுக்குப் போய்வந்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். இப்போது அவருக்கு ஒரு பெண் வேண்டுமாம், கூடவே இருந்து வேலை செய்ய. றமீலா சொல்லியனுப்பியிருந்தாள்: தேங்காய்ப்பூ போட்ட தோடம்பழ பிஸ்கட் ஒரு தட்டு, இருபத்துநான்கு, சுபாஜினியே வீட்டில் சுட்டு வியாழக்கிழமை கொண்டுவர வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

கந்தப்பன் அன்றைக்கு நீளமாகப் பேசினார்.

"அந்தம்மா சரின்னா போகட்டும். வேணாம்னுட்டா திங்கக்கெழம காலையில ஆளெடுக்கிற பெரட்டுக்கு வந்து நிக்கணும். அதுக்கு மேல நீ ஒரு வார்த்த பேசக்கூடாது. சம்மதமா?"

சம்மதமென்று சொல்லிவிட்டேன். 

புதன்கிழமை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடிவந்தேன். மழை விட்டபாடில்லை. எங்கள் குசினியில் சுபாஜினி எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். தேங்காயைப் பூவாகத் துருவி, நிறம் மாறாமல் ஈரம் மட்டும் போகும்படி வறுத்தெடுத்திருந்தாள். பிபிலைத் தோடம்பழம் நாலு, பச்சைத் தோல் ஆரஞ்சு. தகரத் துண்டில் ஆணியால் துளை போட்டு, அதன் முரட்டுப் பக்கத்தில் பழத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளத் தோலு வரைக்கும் தேய்க்கக் கூடாதும்மா, கசக்கும்," என்றாள்.

"வெரலத் தேச்சுறாத," என்றேன் நான். வேறென்ன சொல்ல? எனக்கு ரொட்டி சுடத் தெரியும். பிஸ்கட் என்றால் கடையில் வாங்கித் தேநீரில் தோய்க்கிற சாமான், அவ்வளவுதான்.

மாஜரினையும் சீனியையும் மரக்கரண்டியால் அடித்து அடித்து வெள்ளையாக்கினாள். மா, ஒரு பிடி ரவை, தேங்காய்ப்பூ, தோல் சீவல், அரைத் தேசிக்காயைப் பிழிந்த புளி. பிசைந்து நெல்லிக்காயளவு உருட்டி, முள்ளுக்கரண்டியால் ஒரு அழுத்து. அவள் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கொப்பியில் எழுதியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் போல.

போறணை அடுப்பு எங்களிடம் ஏது? பெரிய அலுமினியச் சருவத்தில் மணலைக் கொட்டி, அதன்மேல் மூன்று கல் வைத்து, கல்லின்மேல் தட்டு. மூடிக்கு மேலேயும் தணல், கீழேயும் தணல். விறகு, கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி, மிலாறு. மழையில் நனைந்த மிலாறு புகையும் என்று பத்து நாளாக அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காயவைத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் யோசனை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

முதல் தட்டு அடியில் கருகியது. முழுத் தட்டும் கறுப்பு. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அய்யய்யோ, போச்சே! எல்லாம் போச்சே!"

"போகலம்மா. இன்னொரு தட்டுக்கு இருக்கு. சரியா இருபத்துநாலு வரும்."

"அதும் கருகிட்டா?"

"நீ இப்புடிப் பக்கத்துல நின்னு பொலம்பிக்கிட்டு இருந்தா கருகும். கொஞ்சம் வெளிய போய் நில்லேன்."

இன்னொரு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அன்றைக்குப் போய் வாசலில் நின்றேன். நின்றேன் என்றா சொன்னேன்? போவேன், வருவேன், மூக்கை உறிஞ்சிப் பார்ப்பேன், மறுபடி போவேன். இரண்டாவது தட்டு உள்ளே போய்ப் பத்து நிமிஷமிருக்கும், மணம் கிளம்பியது. தோடம்பழமும் தேங்காயும் மாஜரினும் கலந்த மணம். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் பன்னிரண்டு வீட்டிலும் தும்முவார்கள். அடுத்த வீட்டுச் செவனம்மா தலையை நீட்டிவிட்டாள்.

"என்ன அங்கம்மா, லயமே மணக்குது! ஒம் மக கைக்குத் தங்க வளையல்தான் போடணும்! பதுளைக்கார அம்மா பாத்தவொடனே அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க போ!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நல்ல மனசுக்காரிதான். ஆனால் அவள் கண் பொல்லாத கண். என் கோழியைப் பார்த்து 'நல்லாக் கொழுத்திருக்கே' என்றாள், மூன்றாம் நாள் கோழி இல்லை. கங்காணியின் பேரப்பிள்ளையைப் பார்த்து 'மொழுமொழுன்னு இருக்கான்' என்றாள், அன்று ராத்திரியே காய்ச்சல். நான் பொய் சொல்லவில்லை, தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் 'அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க' என்றபோது அந்தக் கோழிதான் என் கண்முன் வந்தது.

சுபாஜினி வெளியே வந்தாள், வாளியோடு.

"பீலிக்குப் போய்த் தண்ணி புடிச்சிட்டு ஓடியாறேன். பத்து நிமிஷம். மூடியத் தொடாத. அடுப்பயும் தொடாத. சத்தியமா?"

"போடி, நான் என்ன சின்னப் புள்ளையா?"

அவள் படி இறங்கியதும் உள்ளே போனேன். என் மேல் தப்பில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் இடத்தில் எந்தத் தாய் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். உறியிலிருந்து காய்ந்த மிளகாய் ஏழு, ஒரு கை உப்பு, கொஞ்சம் கடுகு. வாசலுக்குப் போய் ஒரு சிட்டிகை மண். சருவத்தை மூன்று தரம் சுற்றினேன். ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, செவனம்மா கண்ணு என்று பேரைச் சொல்லியே சுற்றி, மூன்று தரம் துப்பி, அடுப்புக்குள் போட்டேன்.

கண் பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். கமறியது பாருங்கள்! அடுப்பிலிருந்து மஞ்சளாகப் புகை எழுந்து குசினி முழுக்க நிறைந்தது. எனக்குக் கண்ணும் தெரியவில்லை, மூச்சும் வரவில்லை. லயம் முழுக்க வீடு வீடாக இருமல். "ஏன்டி, ஊரையே கொல்லப் பாக்குறியா?" என்று செவனம்மா கத்துகிறாள். அப்படியானால் கண்ணே படவில்லை! அவள் பாவம், சும்மாதான் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு உறைத்தபோது பிஸ்கட் என்ன ஆயிற்றோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பதறிப்போய்த் துணியால் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.

அங்கேதான் அறிவு கெட்டது. மூடியிருந்தவரைக்கும் அவை தப்பியிருக்கும். திறந்தேன், புகை முழுதும் உள்ளே போய் உட்கார்ந்தது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொன்னிறமாக, வரிவரியாக, அழகாக இருந்தன. மூடிவிட்டேன்.

சுபாஜினி வாளியோடு ஓடிவந்தாள், இருமிக்கொண்டே.

"என்னம்மா இது?"

"செவனம்மா வீட்ல மொளகா வறுக்குறா," என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் செவனம்மாவே இருமிக்கொண்டிருந்ததால் நான் சொன்ன பொய் அவள் காதில் விழவில்லை. தப்பித்தேன்.

தட்டை இறக்கினாள். திருப்பிப் பார்த்தாள், அடி கருகவில்லை. எண்ணினாள், இருபத்துநான்கு. ஓ/எல் முடிவு வந்து கணக்கில் போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ஒண்ணத் தின்னு பாரேன்," என்று அப்போதுதான் வேலை முடிந்து வந்த கந்தப்பன் கூடச் சொன்னார்.

"எண்ணிக்க கொறஞ்சிரும்ப்பா. அவங்க மொதல்ல சாப்புடட்டும்." ஆறவைத்து, எண்ணெய்த்தாள் விரித்து, டின்னில் அடுக்கி மூடினாள்.

காலையில் ஐந்து மணிக்குத் தேநீருக்கு அடுப்பு மூட்டப் போனேன். கழுவாமல் கிடந்த தட்டில் ஒரு சின்னத் துணுக்கு ஒட்டியிருந்தது, உடைந்த ஓரம். எடுத்து வாயில் போட்டேன். முதலில் தோடம்பழம். அடடா என்றது மனசு. பிறகு தேங்காய். பிறகு தொண்டைக்குள் ஏதோ பிடித்தது. கார்ப்பு என்று சொல்ல முடியாது. கருகின மிளகாயின் கமறல், கசப்போடு. தண்ணீர் குடித்தும் போகவில்லை.

அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்லலாமா? சொல்லி என்ன? மா இல்லை, தோடம்பழம் இல்லை, ஏழு மணி பஸ்ஸுக்கு நேரமும் இல்லை. சொன்னால் பிள்ளை அங்கேயே உடைந்துபோவாள். ஒருவேளை பதுளைக்குப் போவதற்குள் அந்த வாடை போய்விடாதா? ஒருவேளை அந்தத் துணுக்கில் மட்டும்தானோ என்னவோ? இப்படி ஒருவேளை, ஒருவேளை என்றே சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் சுபாஜினி தனக்குள் பேசிக்கொண்டு வந்தாள். இனாயாம்மா இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிக் கேட்டால் அப்படி. ஒவ்வொரு வளைவுக்கும் டின் என் மடியில் ஆடியது. கீழே விழுந்து எல்லாம் நொறுங்கிவிட்டால் எவ்வளவு நல்லது என்று கூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு நொறுங்கினால் திங்கட்கிழமை பெரட்டு என்பது நினைவுக்கு வர, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா பேசாம வார? ஒடம்பு முடியலயா?"

"ஒண்ணுமில்ல."

"பயமா இருக்காம்மா?"

"எனக்கென்ன பயம்?" என்றேன். டின்னை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

நூருல் இனாயாவின் வீடு பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. அறுபது வயதிருக்கும், ஒல்லியான மனுஷி, முக்காடு, கூர்மையான பார்வை. பின்பக்கத்துப் பெரிய குசினிக்குக் கூட்டிப்போனார். நிஜமான போறணை, சுவரையொட்டித் தட்டுகள், மாவு மூட்டை.

"இரிங்க, இரிங்க. மகள், எங்க பாப்பம்."

சுபாஜினி டின்னைத் திறந்தாள். அந்த மனுஷி ஒன்றை எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தார். மொறுக்கென்றது.

"அடி கருகல்ல. உடையிற சத்தம் நல்லம். சருவத்துல மணல் போட்டா சுட்ட?"

"ஆமாங்க."

மூக்குக்குக் கொண்டுபோனார். புருவம் லேசாகச் சுருங்கியது, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ. ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உடைத்ததைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

"நோன்பு காலம்தானே. பகல்ல எனக்கு வாயில வைக்க ஏலா," என்றார்.

கடவுளே! நோன்பு மாதமென்பது எனக்குத் தெரியும், கடைத்தெருவில் பேரீச்சம்பழம் குவித்திருந்ததைப் பார்த்துக்கொண்டுதானே வந்தேன். இது மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை. சாயந்தரம் வரைக்கும் இந்த மனுஷி ருசி பார்க்கப் போவதில்லை. அதற்குள் ஏதாவது சொல்லிப் பிள்ளையை வேலையில் ஒட்டவைத்துவிட்டால் போதும். எனக்கு மூச்சு வந்தது. மனசுக்குள்ளேயே முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன்.

"அதுக்குத்தான் ஆள் தேடுறன்," என்றார் இனாயாம்மா. "வருஷத்துல ஆகக் கூடின வேல வாறதே பெருநாளுக்கு முந்தின இந்த ஒரு மாசத்துலதான். அந்த மாசம் பார்த்து இந்த வீட்ல ஒருத்தருக்கும் ருசி பாக்க ஏலா. எனக்கு நோன்பில்லாத ஒரு நாக்கு வேணும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க பெரியவங்க. மொதல்ல நீங்க ஒண்ட எடுத்து வாயில போட்டுச் சொல்லுங்க, எப்படி ஈக்கி?"

தட்டை நீட்டினார். எடுத்தேன். கடித்தேன். ஐந்து மணிக்குத் தின்றதைவிட மோசமாக இருந்தது, ஒரு முழு பிஸ்கட்டல்லவா. தொண்டை கமறுகிறது, இருமல் முட்டிக்கொண்டு வருகிறது. மென்றேன், விழுங்கினேன், சிரித்தேன்.

"அருமையா இருக்குங்க. கடையில கூட இப்புடிக் கெடைக்காதுங்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளட்டுமென்று துடைக்காமல் விட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ். இப்ப மகள் சொல்லட்டும்."

சுபாஜினி ஒன்றை எடுத்துக் கடித்தாள். நான் அவளையே பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினேன். அடியே, உன் அம்மா சொன்னதையே நீயும் சொல்லிவிடு, ஒரே ஒரு வார்த்தை, நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிடு. அவள் மென்றாள். மெல்லுவது நின்றது. மெதுவாக விழுங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். புதன்கிழமைப் புகை, செவனம்மா வீட்டு மிளகாய், பஸ்ஸில் நான் பேசாமல் வந்தது எல்லாம் அந்தப் பார்வையில் ஒன்றாகச் சேர்ந்ததை நான் கண்டேன்.

"நல்லா இல்லைங்க," என்றாள்.

"என்ன மகள்?"

"மொதல்ல தோடம்பழ ருசி வருது. அது சரியா இருக்கு. பொறகு தொண்டையில கமறுது. மொளகாப் பொகையக் குடிச்சிருக்கு. நீங்க நோன்பு தொறக்கையில இதச் சாப்புடாதீங்க. வெறும் வயித்துக்கு ஆகாது."

"உங்கட உம்மா அருமையா ஈக்கின்னு சொன்னாங்களே?"

சுபாஜினி டின்னின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா சொன்னது பொய்ங்க."

என்னைச் செருப்பால் அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. பிறகு என் வாய் தானாகத் திறந்துகொண்டது. இனி மூட வேண்டிய அவசியம்தான் என்ன?

"ஆமாங்க, பொய்தான்! நான்தான் கெடுத்தேன். இவ ஒழுங்காத்தான் சுட்டா. பக்கத்து வீட்டுக்காரி கண்ணு பட்டுரும்னு நான்தான் மொளகா சுத்தி அடுப்புல போட்டேன். இவளுக்குத் தெரியாது. தெரியாம மூடியத் தொறந்ததும் நான்தான். இவ மேல ஒரு குத்தமும் இல்லைங்க. திங்கக்கெழம இவ பேரப் பதியப் போறாங்கங்க. பதிஞ்சா அப்புறம் அந்தப் பேரு வெளிய வராதுங்க. எனக்கு வரல. அந்தப் பயத்துல பொய் சொல்லிட்டேன். பெத்த வயிறுங்க. என்ன வேணும்னாலும் திட்டுங்க, இவள மட்டும் வேணாம்னு சொல்லிராதீங்க!"

அழுதேன். ஊரான் வீட்டுக் குசினியில், மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

இனாயாம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. அந்த மனுஷி சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட்டுக்குக் கண்ணூறா? அல்லாவே! எங்கடயிலயும் கண்ணூறு ஈக்கி. ஓதித் தண்ணி தெளிப்பம், இப்படி மொளகாயப் போட்டு எரிக்க மாட்டம்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு முகம் மாறியது.

"போன நோன்புக்கு ஒரு புள்ள இங்க வேலைக்கு ஈந்திச்சி. தங்கமான புள்ள. நான் நோன்புக் களைப்புல உப்ப ரெண்டு தரம் போட்டுட்டன். அந்தப் புள்ள தின்னு பாத்துட்டு, நல்லா ஈக்கின்னு சொல்லிச்சி. என்ட மனசு நோகுமாம். நாலு தட்டு, கல்யாண வீட்டுக்குப் போச்சி. அந்த வீட்டு ஆக்கள் இண்டைக்கு வரைக்கும் என்னோட கதைக்கிறல்ல." சுபாஜினியைப் பார்த்தார். "மாப் பிசைய இந்தப் பதுளையில நூறு பேர் வருவாங்க. பெத்த தாய் முன்னுக்கு நிக்கக்குள்ள உள்ளதச் சொல்ற நாக்கு எனக்கு எங்க கெடைக்கும்? கையக் கழுவிட்டு வா மகள். இண்டைக்கே வேல ஈக்கி. றமீலாட அறையில படுத்துக்கொள்ளலாம். ஞாயித்துக்கெழம வீட்டுக்குப் போய்ட்டு வா."

பிறகு என்னிடம், "உங்கட வாய நான் கொஞ்ச காலத்துக்கு நம்ப மாட்டன், சரியா?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சுட்டது.

சுபாஜினி தெருமுனை வரை என்னோடு வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்துவிட்டது, நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெத்தவள அடுத்தவங்க வீட்ல வச்சுப் பொய்க்காரி ஆக்கிட்டியேடி! கொஞ்சம் சுத்தி வளச்சுச் சொல்லக் கூடாதா? எனக்கு வயித்து வலி, நாக்கு சரியில்ல, ஏதாவது ஒண்ணு?"

"அதுவும் பொய்தானம்மா."

"உனக்காகத்தானடி சொன்னேன்!"

"தெரியும்," என்றாள். "அவங்க நாள் பூரா பட்டினி கெடந்து, ஒன்ன நம்பி, மொத வாய் அத வச்சிருந்தா? அத நெனச்சேன். அப்புறம் எனக்கு வேற எதுவும் சொல்ல வரல." மழைக்கு என் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். "உம்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா காலையிலயே நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் ஒடஞ்சு போயிருக்க மாட்டேன்."

உள்ளேயிருந்து இனாயாம்மா கூப்பிட்டார். "வாறேங்க!" என்று ஓடிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுகளைக் கழுவ வேண்டுமல்லவா.

நான் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அவமானமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட வேறொன்று என்னைப் போட்டு அறுத்தது. கங்காணியை எதிர்த்துப் பேசுகிறேன், கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசுகிறேன், வாய்க்காரி வாய்க்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். கடைசியில் பயந்துபோய்ப் பொய் சொன்னது நான். இத்தனை வருஷமாக நான் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெறும் சத்தம்தானோ? வாயே திறக்காமல் வளர்ந்த பிள்ளை, பேர் பதியப் போகிறார்கள் என்று தெரிந்தும், வேலை போகுமென்று தெரிந்தும், நாலே வார்த்தையில் உள்ளதைச் சொன்னாள். இவளை நானா பெற்றேன்?

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்கு யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது. கண்டக்டர் எங்கள் பக்கத்துப் பையன்தான், எங்களைத் தெரியும். டிக்கட் கிழிக்க வந்தவன் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"எங்கக்கா, மகளக் காணோம்?"

"பதுளையில வேலைக்கு விட்டுட்டு வாறேன்," என்றேன்.

"அப்படியா! என்ன வேல?"

தொண்டையில் இன்னும் அந்தக் கமறல் இருந்தது. இருமிவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"ருசி பாத்து உள்ளதச் சொல்ற வேல."

நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. டிக்கட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.